பெயர் மாறிய குருதி

ஒரே தவற்றை இருவர் செய்கின்றனர். ஒருவரின் தவற்றால் யாருக்கும் எத்தீங்கும் நேரவில்லை. மற்றவரின் தவற்றால் ஓர் உயிர் ஊசலாடுகிறது. இவ்விருவரும் சமமான குற்றவாளிகளா? இக்கேள்வியை அறநூலார் பன்னெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளனர். ஆயினும், மருத்துவமனையின் இரவுப் பணியில் இக்கேள்வி எழும்போதுதான் அதன் முழுக் கனத்தையும் நாம் உணர்கிறோம்.

நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே பக்கத்தில் மூன்று ஆரோக்கியமேரியும் இரண்டு அந்தோணிசாமியும் இருப்பர். புனிதர் பெயரைச் சூட்டும் நல்வழக்கம் நமக்குத் தந்த சிறு இடையூறு அது. அத்தகைய இரு ஆரோக்கியமேரிகள் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். இருவருக்கும் இரத்தம் ஏற்ற வேண்டும். இரத்த வங்கியிலிருந்து பை வருகிறது. நாற்பது நோயாளிகளை ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டிருக்கும் செவிலியர், பையின்மேல் ஒட்டிய சீட்டில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அதை மற்றவரின் கட்டிலில் தொங்கவிடுகிறார். இருவருமே ‘பி’ வகையினர் எனில் பெரும்பாலும் ஒன்றும் நேராது. மறுநாள் காலையில் இருவரும் கஞ்சி குடிப்பர். செவிலியர் வீடு சென்று உறங்குவார். தாம் தவறிழைத்ததே அவருக்குத் தெரியாமல் போகலாம். ஆனால், பையில் இருப்பது ‘ஏ’ வகையாகவும் கட்டிலில் இருப்பவர் ‘ஓ’ வகையினராகவும் இருந்துவிட்டால்?

அப்போது நிகழ்வதைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ‘ஏ’, ‘பி’ என்னும் அடையாளங்கள் உண்டு; ‘ஓ’ வகையினரிடம் இவ்விரண்டும் இல்லை. ஆனால் அவர்களுடைய குருதிநீரில் இவ்விரண்டுக்கும் எதிரான பொருள்கள் குழந்தைப் பருவத்தின் முதல் மாதங்களிலேயே தாமாகத் தோன்றிவிடுகின்றன. பொருந்தாத குருதி உள்ளே நுழைந்தவுடன் இவ்வெதிர்பொருள்கள் வந்த அணுக்களைக் குருதிக்குழாய்க்குள்ளேயே உடைத்தெறிகின்றன. அணுக்களுக்குள் அடங்கியிருந்த ஹீமோகுளோபின் வெளியே கொட்டுகிறது. அணுவுக்குள் இருக்கும்வரை அது உயிர்வளியைச் சுமக்கும் நற்பணியாள். வெளியே வந்தாலோ நஞ்சு. ஹாப்டோகுளோபின் என்னும் புரதம் அதைப் பற்றி அகற்றப் பார்க்கிறது; ஆனால் அதன் கையிருப்பு விரைவில் தீர்ந்துபோகிறது. எஞ்சியதெல்லாம் சிறுநீரகத்துக்கு வந்து சேருகிறது. இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்வதால், உடலின் எந்த மூலையில் நிகழ்ந்த தவறானாலும் அதன் கணக்கு அங்கே வந்துவிடுகிறது. குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை இந்த ஹீமோகுளோபின் உறிஞ்சிவிட, சிறுநீரகத்தின் குழாய்கள் இறுகுகின்றன. ஒருபுறம் இரத்த அழுத்தம் வீழ்கிறது. மறுபுறம் நுண்குழல்களுக்குள் ஹீமோகுளோபின் படிந்து அடைத்துக்கொள்கிறது. குழல்களின் உட்சுவர் அணுக்கள் மடியத் தொடங்குகின்றன. சிறுநீர் சிவக்கிறது, கருக்கிறது, குறைகிறது. சிலருக்கு நின்றே போகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக நோயாளி பேசுகிறார். குளிர் நடுக்கம், காய்ச்சல், ஊசி குத்திய நரம்பு நெடுகிலும் எரிச்சல், இடுப்பிலும் முதுகிலும் வலி. இவற்றோடு இனம் புரியாத ஓர் அச்சமும், தான் சாகப்போகிறோம் என்னும் உணர்வும் தோன்றுவதை மருத்துவப் பாடநூல்கள் நோய்க்குறியாகவே பட்டியலிடுகின்றன. “சிஸ்டர், முதுகு வலிக்குது, எனக்கு என்னமோ பண்ணுது” என்று அந்த அம்மாள் முனகுவார். “ரத்தம் ஏறும்போது அப்படித்தான் இருக்கும், சும்மா படுங்கம்மா” என்ற மறுமொழி வந்தால் இழப்பது பொன்னான நிமிடங்கள். முதல் 15 நிமிடங்கள் நோயாளியின் அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும் என்பது விதி. காரணம், உள்ளே சென்ற அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. மயக்க மருந்து கொடுக்கப்பட்டவருக்கோ இந்த முனகலும் இல்லை. அறுவை மேசையின் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையின் நிறம் ஒன்றே அவருக்காகப் பேசும்.

அந்த நிறத்தை மனிதர் முதன்முதலில் பதிவுசெய்து முந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1667ஆம் ஆண்டு பாரிசில் ழான் பாப்டிஸ்ட் டெனிஸ் என்னும் மருத்துவர் ஆட்டுக்குட்டியின் குருதியை ஒரு சிறுவனுக்கு ஏற்றினார், சிறுவன் பிழைத்துக்கொண்டான். அதே ஆண்டின் இறுதியில் அந்துவான் மொருவா என்னும் சித்தம் கலங்கிய ஒருவருக்குக் கன்றின் குருதியை ஏற்றினார். இரண்டாம் முறை சற்றுக் கூடுதலாக ஏற்றியபோது அம்மனிதருக்குக் கையில் சூடு பரவியது, வியர்த்தது, இடுப்பின் இருபுறமும் கடும் வலி கண்டது. மறுநாள் அவர் கழித்த சிறுநீர் புகைபோக்கியின் கரியைக் கரைத்தாற்போல் கருத்திருந்ததாக டெனிசே எழுதி வைத்திருக்கிறார். இன்று ஒரு மருத்துவ மாணவர்கூட அக்குறிப்பைப் படித்தவுடன் நடந்தது இன்னதென்று சொல்லிவிடுவார். டெனிசால் இயலவில்லை. நோயாளி அமைதியாக உறங்கியதைக் கண்டு சிகிச்சை பலித்ததென்றே அவர் நம்பினார். 1668இன் தொடக்கத்தில் மீண்டும் குருதியேற்ற முயன்றதை அடுத்து அம்மனிதர் இறந்தார். வழக்கு நடந்தது. நஞ்சூட்டிய பழி மனைவிமேல் விழ, மருத்துவர் விடுவிக்கப்பட்டார். மருத்துவக் கழகத்தாரின் ஒப்புதலின்றி இனி யாரும் குருதியேற்றக் கூடாது என்றும் நீதிமன்றம் விதித்தது.

டெனிசை நான் குறை கூறவில்லை. அவர் அறியாமல் செய்தார். அவர் காலத்தில் யாருமே அறிந்திருக்கவில்லை. சிறுநீரகம் உண்மையை எழுதிக் காட்டியது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் வர இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பிடித்தன. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர், தம்முடையதும் தம் உடன்பணியாளர்களுடையதுமான குருதியைக் கலந்து பார்த்து, மனிதக் குருதி எல்லாம் ஒன்றல்ல என்று காட்டினார். யூதக் குடும்பத்தில் பிறந்து இளமையில் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவிய அவருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே இன்று உலகக் குருதிக் கொடையாளர் நாள். ஏற்றுவதற்குமுன் இருவர் குருதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை 1907 முதல் நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பர்க் கையாண்டார். அன்று முதல் ‘அறியாமை’ என்னும் அடைக்கலம் நமக்கு இல்லை.

அப்படியானால் இன்றும் தவறு நேர்வது எவ்வாறு? நியூயார்க் மாநிலத்தில் பத்தாண்டுத் தவறுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஏற்றப்பட்ட 19,000 அலகு குருதிக்கு ஒன்று தவறான ஆளுக்கோ தவறான வகையாகவோ போயிருந்தது. அவ்வாறு தவறிப்போனவற்றுள் ‘ஏ, பி, ஓ’ வகை பொருந்தாமற்போனது ஏறத்தாழ 38,000 அலகுகளுக்கு ஒன்று. தவறுகளில் பாதி, இரத்த வங்கிக்கு வெளியே நிகழ்ந்தவை: இவருக்கு உரியதை அவருக்கு ஏற்றியதும், இவர் குருதியை எடுத்து அவர் பெயரிட்ட குழாயில் ஊற்றியதுமே. அறிவியல் பெரும்பாலும் தோற்கவில்லை. இவர் இன்னார் என்று அறிவதில்தான் மனிதர் தோற்றனர்.

இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தவறிப்போனவற்றுள் ஏறக்குறையப் பாதியில் வகை தற்செயலாகப் பொருந்திவிட்டது. அத்தனை பேரையும் காத்தது யாருடைய கவனமும் அன்று. குருதி வகைகள் மக்களிடையே பரவியிருக்கும் விதம்தான். ஒரு செவிலியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் மற்றொருவரை நிம்மதியாக உறங்கச் செய்வதும் இத்தற்செயலே.

1976இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலார் இச்சிக்கலை எடுத்து விவாதித்தனர். ‘அறநெறி சார்ந்த அதிர்ஷ்டம்’ என்று அதற்குப் பெயரும் சூட்டினர். நம் வசத்தில் இல்லாத ஒன்றுக்காக நம்மைப் பழிப்பது நியாயமன்று என்று அறிவு சொல்கிறது. ஆனால் நாம் அன்றாடம் பழிப்பதெல்லாம் விளைவைப் பார்த்துத்தான். வண்டியைக் கவனமின்றி ஓட்டி வீடு சேர்ந்தவனை நாம் கடிந்துகொள்வதோடு சரி. அதே கவனமின்மையோடு ஓட்டியவன்முன் ஒரு குழந்தை ஓடிவந்துவிட்டால் அவனைச் சிறைக்கு அனுப்புகிறோம்.

மெய்யியலார் சிக்கலை அழகாக விளக்கினர். முடிச்சை அவிழ்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே புனித தாமஸ் அக்குவினார் இதனருகே வந்து நின்றார். தம் இறையியல் பெருநூலில் கவனமின்மையைத் தனியொரு பாவமாகவே அவர் ஆராய்கிறார். செய்ய வேண்டியதில் செலுத்த வேண்டிய கருத்தைச் செலுத்தாமை அது என்றும், விவேகம் என்னும் நற்பண்புக்கு எதிரானது என்றும் உரைக்கிறார். ஒரு செயலின் விளைவு அச்செயலின் தீமையைக் கூட்டுமா என்னும் கேள்விக்கு அவர் தரும் விடை நுட்பமானது. எப்போதோ தற்செயலாக நேரும் விளைவு கூட்டாது. செயலின் இயல்பிலிருந்தே பெரும்பாலும் பிறக்கும் விளைவு, செய்பவர் முன்கூட்டி எண்ணாவிடினும், கூட்டும். இதை நம் வார்டுக்குக் கொண்டுவருவோம். பொருந்தாக் குருதி சிறுநீரகத்தைக் கெடுப்பது தற்செயலன்று. அது அதன் இயல்பு. செவிலியர் பள்ளியின் முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கப்படும் செய்தி. ஆகவே சீட்டைச் சரிபாராமல் பையைத் தொங்கவிடுகிறவர், அப்பையில் எவ்வகை இருந்தபோதிலும், அந்த ஆபத்தையே கையில் ஏந்துகிறார். குற்றம் என்று ஒன்று இருக்குமானால் அது இருவருக்கும் ஒன்றே என்பது என் முடிபு.

இருவருக்கும் எல்லாமே சமம் என்று இதிலிருந்து கொள்ள வேண்டியதில்லை. குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் உள்ளத்தின் நிலையிலிருந்து பிறக்கிறது. கடனோ, பாதிக்கப்பட்டவரின் காயத்திலிருந்து பிறக்கிறது. ஒருவரின் சிறுநீரகம் நின்றுபோயிருக்கும்போது, அதற்குக் காரணமானவர் ‘என் தோழியும் இதே தவற்றைத்தான் செய்தாள்’ என்று வாதாட முடியாது. தோழியின் குற்றம் இவருடைய கடனைக் குறைக்காது. ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்புப் பெற்ற திருடன் திருடிய பொருளைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று திருச்சபை கற்பிப்பதும் இவ்வேறுபாட்டை அறிந்துதான்.

அந்தக் கடனின் முதல் தவணை உண்மையைச் சொல்வது. அதை எப்போது, யாரிடம் சொல்வது? ‘நோயாளி தேறிய பின்னர், தக்க சமயம் பார்த்து’ என்று பலரும் சொல்லக்கூடும். இங்குதான் நாம் எளிதில் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். ஓர் ஆரோக்கியமேரிக்கு உரிய பை மற்றவருக்குப் போயிற்று எனில், அந்த மற்றவருக்கு உரிய பை எங்கே? அது அந்த நிமிடமே அடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். குருதி எடுத்தபோதே குழாய்கள் மாறியிருந்தால் இரண்டு தவறுகளும் இணைபிரியாதவை. அதனால்தான், எதிர்விளைவு கண்டவுடன் குருதியை நிறுத்து, நரம்பு வழியை உப்புநீரால் திறந்து வை, பெயரையும் எண்ணையும் மீண்டும் சரிபார், பையைத் திருப்பியனுப்பி இரத்த வங்கிக்குச் சொல் என்று மருத்துவ விதிகள் ஒரே மூச்சில் கூறுகின்றன. தம் தவற்றை உணர்ந்தவர் அச்சத்தால் பத்து நிமிடம் வாய் மூடியிருப்பாரானால், அப்பத்து நிமிடத்தில் பலியாவது இரண்டாமவர். முதல் தவறு கவனமின்மை. இரண்டாவதை நான் அவ்வாறு அழைக்கமாட்டேன்.

வாய் மூடுவதற்கோ சிறுநீரகம் ஏராளமான இடம் தருகிறது. பெரிய அறுவைக்குப் பின்னரும், மிகுந்த இரத்தப்போக்குக்குப் பின்னரும், கிருமி நச்சு பரவிய பின்னரும் சிறுநீரகம் தளர்வது உண்டு. ஆகவே ‘ஆபரேஷனுக்கு அப்புறம் கிட்னி கொஞ்சம் பாதிச்சிருக்கு, சரியாயிடும்’ என்று உறவினரிடம் சொல்லிவிட்டால் யாரும் வியப்படையார். இது முழுப் பொய்யும் அன்று என்பதே அதன் கொடுமை. அக்குடும்பத்தார் மருத்துவருக்கு நன்றி சொல்லி, செவிலியருக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவர். வீட்டார் மனம் நோகாதிருக்க இதுவே மேல் என்று வாதிடுவோரும் உளர். ‘சரியாகிவிடும்’ என்பதில் உண்மையும் இருக்கிறது: மடிந்த குழல் அணுக்கள் மீண்டும் முளைக்கும் ஆற்றல் உடையவை. உரிய காலத்தில் நீர்மம் கொடுத்து, தேவையானால் சில நாளோ சில வாரமோ டயாலிசிஸ் செய்தால் பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்குகிறது.

டயாலிசிஸ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நெதர்லாந்தின் காம்பன் நகரில் 1943இல் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் மர உருளையொன்றில், இறைச்சி அடைக்கப் பயன்பட்ட செல்லோஃபேன் குழலைச் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். தொடக்கத்தில் நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 1945இல் முதன்முதலாக அவரால் பிழைத்தெழுந்த மூதாட்டி, நாட்சிகளுக்குத் துணைநின்றவர் என்று சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர். அவருக்கா இந்தச் சிகிச்சை என்று ஊரார் கேட்கும் காலம் அது. கோல்ஃப் அதைப் பொருட்படுத்தவில்லை. தகுதி பார்த்துச் செய்வது மருத்துவமன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பழியையும் சிகிச்சையையும் பிரித்து வைக்கத் தெரிந்த அந்த மனத்தெளிவு, தவறிழைத்த செவிலியரை நடத்தும் விதத்திலும் நமக்குத் தேவைப்படுகிறது.

உண்மைக்கு வருவோம். சிறுநீரகம் தேறிவிட்டது, இனி எதற்குச் சொல்ல வேண்டும்? முதல் காரணம் மருத்துவம் சார்ந்தது. ஒருமுறை இவ்வாறு அடிபட்ட சிறுநீரகம் பிற்காலத்தில் நாட்பட்ட நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அவர் அவ்வப்போது குருதியில் கிரியாட்டினின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கும் நம் ஊர் வழக்கத்தை அவர் கைவிட வேண்டும். தமக்கு நேர்ந்தது இன்னதென்று அறியாதவர் இவற்றை ஏன் செய்வார்?

இரண்டாவது காரணம் ஆழமானது. பண்டை எபிரேயருக்குச் சிறுநீரகம், கழிவை வடிக்கும் உறுப்பு மட்டும் அன்று. மனச்சான்றின் இருப்பிடமும் அதுவே. கடவுள் மனிதரின் இதயத்தை ஆய்கிறார் என்று எரேமியாவும் திருப்பாடலாசிரியரும் சொல்லும் இடங்களில் மூலமொழியில் இதயத்தோடு சிறுநீரகமும் நிற்கிறது. கிரேக்கத்தில் எழுதப்பட்ட திருவெளிப்பாட்டு நூலும் அவ்வழக்கைக் கைவிடவில்லை. தமிழில் பெயர்த்தோர் ‘உள்ளுணர்வு’ போன்ற சொற்களை இட்டனர். நம் செவிக்கு அதுவே பொருந்தும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூலத்தை எண்ணும்போது எனக்கு ஒரு திகைப்பு உண்டாகிறது. நோயாளியின் சிறுநீரகம் நடந்ததை அறியும். அதற்கு உரியவர் மட்டும் அறியாதிருக்கிறார். தம் உடலில் எழுதப்பட்டதைத் தாமே படிக்க விடாமல் செய்வது, அவர் வீட்டுப் பத்திரத்தை ஒளித்து வைப்பதைவிடச் சிறிய குற்றமா?

மூன்றாவதாக, மறைக்கப்பட்டவரால் மன்னிக்க முடியாது. ‘எங்களை மன்னிப்பார்களா?’ என்று மருத்துவமனையார் அஞ்சுகின்றனர். ஆனால் உண்மையை மறைக்கும்போது, மன்னிப்பதற்கு அவருக்கிருந்த உரிமையையே பறித்துக்கொள்கின்றனர். அவர் மன்னிக்காமலும் போகலாம். அது அவருடைய உரிமை. இழப்பீடு கேட்டு வழக்கும் தொடரலாம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதே நீதிமன்றம் 2005இல், மருத்துவர்மேல் குற்றவழக்குத் தொடரச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்றும் வரையறுத்தது. சட்டம் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 2014 முதல், சிகிச்சையில் நேர்ந்த கடுமையான தீங்கை நோயாளியிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்வது அரசு மருத்துவமனைகளின் சட்டக் கடமையாகவே ஆக்கப்பட்டது. உண்மை பேசச் சட்டம் இயற்ற வேண்டியிருக்கிறதே என்று வருந்துவோர் வருந்தலாம். எனக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது.

இனி அந்தச் செவிலியர். தவறு வெளிப்பட்டவுடன் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு நிர்வாகம் கைகழுவிக்கொள்வதை நாம் காண்கிறோம். கைகழுவியவர் யார் என்பது நமக்குத் தெரியாததன்று. நாற்பது நோயாளிகளுக்கு ஒருவரை நியமித்தவர், மணிக்கட்டில் அடையாளப் பட்டை கட்டும் செலவை மிச்சப்படுத்தியவர், சீட்டை இருவர் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு இரண்டாமவரை அனுப்பாதவர் யாவரும் அந்தப் பையைத் தொங்கவிட்ட கைகளே. இருவர் பார்த்தாலும், ஒருவரையொருவர் நம்பி இருவருமே பாராமல் போவதும் உண்டு. மனித இயல்பு அது. எனினும், ‘அமைப்பின் குறை, தனியார் குறையன்று’ என்னும் இக்காலப் பேச்சை நான் முழுவதும் ஏற்கவில்லை. அமைப்பு ஒருபோதும் கண்ணீர் விடுவதில்லை. கட்டிலருகே போய் ‘அம்மா, என்னால் நேர்ந்தது’ என்று சொல்வதும் இல்லை. மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் 1996இல் தொடங்கிய ஷாட் என்னும் ஏற்பாடு, குருதியேற்றத்தில் நேர்ந்த தீங்குகளை மட்டுமின்றி, நேரவிருந்து தப்பியவற்றையும் கேட்டுத் தொகுக்கிறது. அறிவிப்பவரின் பெயர் வெளியிடப்படுவதில்லை. நம் நாட்டிலும் 2012 டிசம்பரில் குருதிக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடுகளைக் கணக்குப் பார்ப்போரின் வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதிர்ஷ்டத்தால் தப்பிய அந்த இன்னொரு செவிலியரும் பேச வேண்டும் என்று கேட்கும் ஏற்பாடு இது ஒன்றே. தீங்கு விளையாத தவற்றையும் தவறு என்றே எண்ணி எழுதிக்கொடுப்பவர், விளைவைப் பார்த்துக் குற்றத்தை அளக்கும் நம் பழக்கத்தை விட்டு விலகி நிற்கிறார். அவருக்குத் தண்டனையும் இல்லை, பாராட்டும் இல்லை. அவர் எழுதியதைப் படித்து வேறோர் ஊரில் ஒரு வார்டில் பெயரோடு பதிவு எண்ணையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் வரலாம்.

நம் பக்கத்தில் ஒன்று சொல்ல மீதமிருக்கிறது. கட்டிலருகே வரும் செவிலியர் ‘நீங்கள்தானே ஆரோக்கியமேரி?’ என்று கேட்டால், அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். அதனால் ‘உங்கள் பெயர் என்ன? தகப்பனார் பெயர் என்ன?’ என்று நோயாளியையே சொல்லவைக்கக் கற்பிக்கின்றனர். காலையில் ஊசிக்கு ஒருமுறை, நண்பகலில் குருதி எடுக்க ஒருமுறை, மாலையில் பை வந்தபின் இன்னொருமுறை. துணைக்கு இருக்கும் நாம் மூன்றாம் முறையில் பொறுமை இழக்கிறோம். ‘மூணு நாளா இங்கேதான் இருக்கோம், இன்னுமா பேரு தெரியலை?’ என்று சிடுசிடுக்கிறோம். அவர் முகம் வாடி, அடுத்த கட்டிலில் கேட்காமலே போய்விடுகிறார்.